லொறிகள் போகும் திசை

புளியங்குடாவுக்குள் நுழையும், கடல்நீர்க் களப்பைக் கடக்கும் தாம்போதித் தெருவில் ஊர்ச் சனங்கள் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கைக்குழந்தைகளோடு பெண்கள். பெரிய வள்ளம் ஒன்றை இழுத்து வந்து தெருவின் நடுவே கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நிவாரண லொறிகள் அதற்கு முன்னால் வரிசையாக நின்றன. அரிசி, பருப்பு, பால்மா, தண்ணீர் வடிகட்டிகள், கூடாரங்கள் என்று எல்லாம் அவற்றில் இருந்தன. முதல் லொறியிலிருந்து இறங்கிய ஜெசிந்தா அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள். சத்தில்லாமல் பலருடைய தலைமுடி செம்பட்டையாகிவிட்டிருந்தது.

ஜெசிந்தா அந்த மாவட்டத்தின் நிவாரணப் பொறுப்பாளர். பங்கீட்டில் ஏதோ சண்டை, தங்களுக்குக் குறையும் என்று பயந்து மறிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் செபஸ்தியாம்பிள்ளை எழுந்து அவளிடம் வந்தார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"திருப்பிக் கொண்டு போங்கோ தங்கச்சி. இந்தச் சாமான் எங்கட மண்ணில இறங்கினா ஊர் முடிஞ்சுது."

பிள்ளைகள் பசியில் இருப்பதை அவள் சுட்டிக்காட்டினாள். அதை அவர் மறுக்கவில்லை. படகுகளுக்கு எண்ணெய் இல்லை, கடலில் கண்ணி வெடி மிதக்கிறது, ஊரில் நெல் முடிந்து வெகுநாளாகிறது என்று அவரே எடுத்துச் சொன்னார். பிறகு, "பசிச்சாலும் எங்கட வீட்டில கிடந்து பசிக்கிறம்," என்றார். "கண்டல்மடுவில கொண்டுபோய் இறக்கினியள். இப்ப அங்க நாய்கூட இல்லை. போய்ப் பாத்தனீங்களோ?"

அவள் போய்ப் பார்க்கவில்லை. லொறிகளைத் திருப்பச் சொன்னாள்.

அந்தத் தீவில் அப்போது இரண்டு அழிவுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. கடல் சூடேறி, முன்பெல்லாம் ஒரு தலைமுறைக்கு ஒருதரம் வந்த புயல் மாரிக்கு மாரி வரத் தொடங்கியிருந்தது. கரை கரையாக ஊர்கள் தண்ணீருக்குள் போயின. மிஞ்சிய மேட்டு நிலத்துக்காக அரசுப் படையும் அதை எதிர்த்த வடகரைப் படையும் சண்டை பிடித்தன. புயலுக்குப் பயந்து உள்ளே வந்தவர்கள் ஷெல்லுக்குப் பயந்து மறுபடி கரைக்கு ஓடினார்கள். நிவாரணம் எப்போதும் பிந்தியே வந்தது. ஜெசிந்தாவின் அக்கா குடும்பம் அப்படித்தான் போனது. பாடசாலைக் கூரையில் ஏறிப் புயலுக்குத் தப்பியவர்கள், பிறகு குடித்த தண்ணீரால் ஒவ்வொருவராகச் செத்தார்கள். கடைசிப் பிள்ளையைப் புதைத்து மண் காய்ந்த பிறகுதான் லொறி வந்தது. அதற்குப் பிறகு ஜெசிந்தா ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு நிவாரண வேலைக்கு வந்தாள். சனம் ஓடிப் போய்ச் சேருவதற்கு முன்னால் லொறி போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறு கொள்கை எதுவும் இருக்கவில்லை.

அதைச் செய்து காட்டியவன் குகதாசன். தலைநகரில் கணினித் துறையில் இருந்த மெலிந்த, அதிகம் பேசாத மனிதன். அவன் உருவாக்கிய முறை விண்ணிலிருந்து எடுத்த செய்மதிப் படங்களையும் கடலின் சூட்டையும் சந்தையில் அரிசி விற்கும் விலையையும் எந்த ஊரில் எத்தனை தொலைபேசிகள் இடம் மாறுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தது. எந்த ஊர் இடம்பெயரும், சனம் எங்கே போய்ச் சேரும் என்று ஒரு வாரத்துக்கு முன்பே சொன்னது. அலுவலகத்தில் அதற்கு 'முன்னறி' என்று பெயர். சனங்கள் 'சாத்திரி' என்றார்கள்.

முதல் வருடம் அது சொன்னதெல்லாம் பலித்தது. கோரைமுனையைக் கடல் விழுங்கியபோது, சனங்கள் நனைந்த உடுப்போடு மேட்டுக்கு ஏறி வந்து பார்த்தால் அங்கே கூடாரங்கள் அடித்திருந்தன. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த முகாமில் வயிற்றோட்டத்தால் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. அன்றைக்கு ஜெசிந்தா ஒரு கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்று தனியே அழுதாள். அதற்குப் பிறகு சனங்கள் வானொலி கேட்பதை விட்டுவிட்டு லொறிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். லொறி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் சோறும் கூரையும் இருக்கும் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

தாம்போதியிலிருந்து திரும்பிய மறுநாள் ஜெசிந்தா கண்டல்மடுவுக்குப் போனாள்.

ஊர் திறந்து கிடந்தது. வீடுகளில் கதவு, யன்னல் எதுவும் இல்லை. வயலில் கதிர் முற்றி, அறுக்க ஆளில்லாமல் சாய்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் புயல் அடிக்கவில்லை. அவளுடைய லொறிகள் போய்ச் சேர்ந்த நாள்வரை சண்டையும் அங்கே நடந்திருக்கவில்லை. ஊரின் எல்லையிலிருந்த காவலரணில் அரசுப் படையின் இளம் லெப்டினன்ட் ஒருவன் அவளுக்கு நாற்காலி போட்டு, தேநீரும் கொடுத்தான். நல்ல பழக்கமுள்ள பெடியன். அவள் கேட்டதற்கு அவன் எதையும் மறைக்கவில்லை.

"நீங்க கூடாரம் இறக்கினீங்க மிஸ். அடுத்த நாளே கடைக்காரர் சாமானைக் கட்டிட்டார். டாக்டரும் போயிட்டார். வாகனம் இருந்தவங்க எல்லாரும் போனாங்க. ஆள் குறைஞ்ச ஊரை மற்றப் பக்கம் பிடிக்கும் எண்டு நாங்க முந்திக்கிட்டோம். நாங்க வந்ததால அவங்க அடிச்சாங்க." தன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "உங்க லொறி எங்க போகுதெண்டு பார்த்துத்தான் இப்ப நாங்களும் போறது. அவங்களும் அப்படித்தான்," என்றான்.

ஜெசிந்தா நேரே குகதாசனின் அலுவலகத்துக்குப் போனாள். அவன் அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். அவள் சொன்னதைக் கேட்டு அவன் திடுக்கிடாததே அவளுக்குப் பதிலாக இருந்தது.

"எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"போன வருசத்தில இருந்து," என்றான் அவன். "ஒரு ஊரை ஏன் தெரிவு செய்தாய் எண்டு முன்னறியையே கேக்கலாம் அக்கா. முதலெல்லாம் கடல்சூடு, அரிசி விலை எண்டு காரணம் சொல்லும். இப்ப முதல் காரணமா எங்கட லொறியைச் சொல்லுது. லொறி போன இடமெல்லாம் சனம் கிளம்பிறதை அது பாத்துப் பழகிட்டுது. ஒரு இடத்தில கொஞ்சம் ஆபத்து இருந்தாலும் லொறியை அனுப்பச் சொல்லுது. லொறி போனா அந்த இடம் உண்மையிலயே கிளம்புது. அதுக்குத் தான் சொன்னது சரியா வந்தாப் போதும்."

"தெரிஞ்சுகொண்டும் ஏன் நிப்பாட்டேல்லை?"

"எதை நிப்பாட்டிறது? புயலுக்கும் இதே முறைதான். இதை நிப்பாட்டினா அடுத்த மாரிக்குக் கோரைமுனை மாதிரி ஒரு ஊர் சனத்தோட போகும். உங்கட அக்காவுக்கு நடந்ததை நீங்கள்தான் எனக்குச் சொன்னனீங்கள்."

லொறிகளை யாருக்கும் தெரியாமல் அனுப்ப வழியில்லையா என்று கேட்டுப் பார்த்தாள். இரண்டு படைகளின் ட்ரோன்களும் பகல் முழுக்க வீதிகளுக்கு மேலே நிற்கின்றன, சைக்கிளில் போகிறவனைக்கூட அவை பார்க்காமல் விடுவதில்லை என்றான் அவன். புளியங்குடாவைப் பற்றிக் கேட்டபோது திரையைத் திருப்பிக் காட்டினான். வரைபடத்தில் அந்த ஊர், இடம்பெயரும் என்று சிவப்பாக இருந்தது. லொறிகள் தாம்போதி வரைக்கும் போய் வந்ததே போதுமாக இருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் படை நகர ஆரம்பித்திருந்தது.

அங்கிருந்து திரும்பி வரும் வழியில்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. லொறியைப் பார்த்துப் படை போகிறது என்றால், ஆளில்லாத இடத்துக்கு லொறியை அனுப்பலாம்.

புளியங்குடாக் களப்பின் மறுகரையில் உப்புவெளி என்று ஒரு இடம் இருந்தது. முன்பு உப்பளம். கடல் ஏறி வரம்புகளை உடைத்த பிறகு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஊர் இல்லை, கிணறு இல்லை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. புதிய முகாம் ஒன்றை முன்னறியில் குறிக்கும் அதிகாரம் மாவட்டப் பொறுப்பாளருக்கு இருந்தது. ஜெசிந்தா குகதாசனிடம் சொல்லாமல் உப்புவெளியை முகாம் என்று குறித்தாள். புளியங்குடாவுக்கான சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களப்பு வழியே, துடுப்பு வலிக்கும் வள்ளங்களில், வலைகளுக்குக் கீழே மறைத்து அனுப்புவதென்று செபஸ்தியாம்பிள்ளையோடு பேசி முடித்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடவே இல்லை.

லொறிகளைக் கொண்டுபோக வேண்டியவர் மஹ்றூப். கிழக்குப் பக்கத்து முஸ்லிம் மனிதர்; அண்ணன் என்ற முறையில் எல்லோரும் அவரை 'நானா' என்றார்கள். போரிலும் வெள்ளத்திலும் லொறி ஓட்டியே தலை நரைத்தவர். அவருடைய மனைவியும் பெண்பிள்ளைகளும் வேறொரு மாவட்டத்து முகாமில் இருந்தார்கள். அவரிடம் பொய் சொல்ல ஜெசிந்தாவுக்கு மனம் வரவில்லை. முழுவதையும் சொன்னாள். ஷெல் விழக்கூடிய இடம் என்பதையும் சொன்னாள். அவர் தாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆளில்லாத இடத்துல சாமானை இறக்கிட்டு வாற. அவ்வளவுதானே மேடம்?"

"அவ்வளவுதான் நானா. இறக்கின உடன திரும்பிடுங்கோ."

குடும்பக்காரப் பெடியன்களை இதற்கு விட வேண்டாம், தனக்குத் தெரிந்த இரண்டு பேரைக் கூட்டிப் போகிறேன் என்றார். சம்பளத்தைப் பற்றியோ காப்புறுதியைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லொறிகள் பட்டப்பகலில், வெள்ளைக் கொடி கட்டி, எல்லா வீதிகளையும் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போயின. எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான் ஜெசிந்தா அந்தப் பாதையைத் தெரிவு செய்தாள். அன்றைக்கே பலன் தெரிந்தது. புளியங்குடாவுக்கு மேலே நின்ற ட்ரோன்கள் விலகிக் களப்பின் மறுகரைக்குப் போயின. பீரங்கி இழுக்கும் வாகனங்கள் கிழக்கே திரும்பின. வள்ளங்கள் கரையேறி, புளியங்குடாப் பெண்கள் அரிசியைச் சீலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு போனதாக செபஸ்தியாம்பிள்ளை தொலைபேசியில் சொன்னார். ஊரில் ஒருவரும் கிளம்பவில்லை என்றார். பிள்ளைகளின் சத்தம் அவருடைய குரலுக்குப் பின்னால் கேட்டது. வெகுகாலத்துக்குப் பிறகு ஜெசிந்தா அன்று வயிறாறச் சாப்பிட்டாள்.

அதே வேளையில் தெற்கே மழை பிடித்திருந்தது. புயல் என்று சொல்லும் அளவுக்கு அது பெரிதல்ல. ஆனால் சண்டையில் அடிவாங்கிய பெரிய குளத்தின் கட்டு அந்த மழையைத் தாங்கவில்லை. விடியற்காலையில் உடைந்தது. ஆற்றங்கரை ஊர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வீதிக்கு வந்தன. எங்கே போவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். முந்தின நாள் அந்த வீதியால் வெள்ளைக் கொடியோடு லொறிகள் கிழக்கே போனதைக் கண்டவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருந்தார்கள்.

மஹ்றூப் அழைத்தபோது ஜெசிந்தா குளத்து வெள்ளத்துக்கு எந்தப் பக்கம் லொறி அனுப்புவது என்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் உப்புவெளியிலேயே இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஈரவரம்பில் ஒரு லொறி புதைந்து, அதை இழுத்தெடுக்கச் சுணங்கிவிட்டதாம்.

"மேடம், இஞ்ச ஆக்கள் வந்திரிக்காங்க."

"எந்த ஆக்கள் நானா?"

"குளம் உடைஞ்ச சனம். லொறிச் சில்லுத் தடத்தைப் பார்த்துட்டே வந்த எண்டு சொல்றாங்க. இன்னும் வந்துட்டே இரிக்காங்க மேடம், வரம்பு முழுக்க ஆள்."

உடனே திருப்பி அனுப்புங்கள் என்று அவள் கத்தினாள். அதைத்தான் காலையிலிருந்து செய்துகொண்டிருப்பதாக அவர் சொன்னார். இது முகாம் இல்லை, இங்கே ஷெல் விழும் என்று ஒவ்வொரு குடும்பமாகப் போய்ச் சொல்லியும் யாரும் நம்பவில்லை. கூடாரம் இருக்கிறது, அரிசி இருக்கிறது, ஆபத்தான இடத்துக்கா லொறி வரும் என்று கேட்டார்களாம். பின்னால் வரும் சனத்துக்கு இடம் வைக்கத் தங்களைத் துரத்துகிறார் என்று சிலர் சண்டைக்கு வந்தார்களாம். கூடாரங்களைத் தாங்களே அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். "பிள்ளையள மட்டும் ஏத்திக் களப்புப் பாலத்துக்கு அங்கால விட்டுட்டு வாறன்," என்றார் மஹ்றூப். அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

ஜெசிந்தா இரண்டு படைகளின் தொடர்பாளர்களையும் அழைத்தாள். உப்புவெளி முகாம் பொய், அதைத் தானே செய்தேன், ஆனால் இப்போது அங்கே உண்மையான சனம் இருக்கிறது, அடிக்க வேண்டாம் என்று இரண்டு பேரிடமும் சொன்னாள். அரசுப் படையின் ஆள், நேற்றுச் சொன்னது பொய்யென்றால் இன்று சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டான். வடகரைப் படையின் ஆள், இதைச் சொல்லும்படி யார் அவளை ஏவினார்கள் என்று கேட்டான். இருவரும் மேலிடத்துக்கு அறிவிப்பதாகச் சொன்னார்கள்.

அவள் ஜீப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வெள்ளம் வீதியைக் கடந்து ஓடிய இடங்களில் இறங்கித் தடியால் ஆழம் பார்த்துப் பார்த்துப் போக வேண்டியிருந்தது. பாதி வழியில் குகதாசன் அழைத்தான்.

"உப்புவெளியை முகாமெண்டு ஏன் போட்டனீங்கள்?"

அவள் சொன்னாள்.

"அக்கா, நீங்கள் அதைப் போட்ட அண்டைக்கே முன்னறி எச்சரிச்சிருக்கு. அந்த இடத்துக்குச் சனம் வந்து சேருமெண்டு. ஆயிரக்கணக்கில. ஆளில்லாத இடமெண்டதால பிழையாக்குமெண்டு நான் ஒதுக்கி வச்சிட்டன். நீங்கள் பாக்கேல்லையோ?"

அவள் பார்க்கவில்லை. படைகளை ஏமாற்றுவதற்காகப் போட்ட ஒரு பொய்க்கு அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. சனங்களும் லொறியைத்தான் பார்க்கிறார்கள் என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. படைகளை நினைத்துக்கொண்டிருந்ததில் அது அவளுக்கு மறந்துபோயிருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு ஜீப்பை மறுபடி தண்ணீருக்குள் இறக்கினாள். களப்பின் கரையை நெருங்கும்போது சத்தம் கேட்கத் தொடங்கியது. யார் முதலில் அடித்தார்கள் என்று அங்கிருந்து சொல்ல முடியாது. இரண்டு திசையிலிருந்தும் அது வந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் கழிந்திருந்தது. ஷெல்லடி ஓய்ந்திருந்தது. உப்புப் பாத்திகளில் தேங்கிய தண்ணீர் நிறம் மாறிக் கிடந்தது. கூடாரங்களின் வெள்ளைத் துணி வரம்புகளில் கிழிந்து தொங்கியது. மஹ்றூப் இரண்டு முறை பிள்ளைகளை ஏற்றிப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டிருக்கிறார். மூன்றாம் முறை திரும்பி வரும்போது அவருடைய லொறிமேல் ஷெல் விழுந்திருக்கிறது. அவரோடு வந்த ஓட்டுநர்கள் அவரை இறக்கி, ஒரு கூடாரத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். ஜெசிந்தா முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

வரம்போரத்தில் ஒரு பெண் பானை ஒன்றை உப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். கனகாம்பிகை என்று பெயர் சொன்னாள். ஜெசிந்தாவின் சட்டையில் இருந்த நிவாரண அடையாளத்தைக் கண்டு எழுந்து நின்றாள்.

"நீங்களோ லொறி அனுப்பினது? குளம் உடைய, எங்க போறதெண்டு தெரியாமல் றோட்டில நிண்டனாங்கள். லொறி இந்தப் பக்கம் போனதெண்டு ஆரோ சொன்னாப் பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. நீங்கள் நல்லா இருக்கோணும்."

அவளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தது. பிள்ளைக்கு அப்பால், கூடாரத் துணியால் மூடி, இன்னும் சிறிதாக ஒன்று கிடத்தியிருந்தது.

ஜெசிந்தாவால் அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு நிற்க முடியவில்லை. உண்மையைச் சொன்னாள். இங்கே யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துத்தான் அனுப்பியது, வேறொரு ஊரைக் காப்பாற்ற இப்படிச் செய்தது என்று சொன்னாள். கனகாம்பிகை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். விளங்கவில்லையோ என்று ஜெசிந்தா மறுபடி சொல்லப் போனாள்.

"அப்ப ஏன் கூடாரம் அனுப்பினியள்?" என்றாள் கனகாம்பிகை.

பிறகு குந்தி, பானையைத் திரும்பக் கழுவத் தொடங்கினாள்.

செத்தவர்களை அங்கே புதைக்க முடியாது, தோண்டினால் தண்ணீர் வருகிறது என்று ஓட்டுநர்கள் சொன்னார்கள். ஓடக்கூடிய நிலையில் இருந்த ஒரே லொறியில் எல்லாரையும் ஏற்றினார்கள். கனகாம்பிகையின் பிள்ளையையும் ஏற்றினார்கள். மஹ்றூப்பைக் கடைசியாக, ஓரமாக வைத்தார்கள். காயப்பட்டவர்களை ஜீப்பிலும் உழவு இயந்திரம் ஒன்றிலும் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டார்கள். தார்ப்பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு லொறி புறப்பட்டது. ஜெசிந்தா ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

பாலத்தைக் கடந்த பிறகுதான் கண்ணாடியில் பார்த்தாள். வீதி நிறையச் சனம். மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, லொறிக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். அவள் தலையை வெளியே நீட்டி, லொறியில் சாப்பாடு இல்லை, செத்தவர்கள்தான் இருக்கிறார்கள், பின்னால் வர வேண்டாம் என்று கத்தினாள். ஒருவரும் திரும்பவில்லை. முன்னால் வந்தவர்களுக்கு அது கேட்டிருக்க வேண்டும். சிலர் தலையசைத்தார்கள்.

நிறுத்தச் சொன்னாள். லொறி வீதியோரத்தில், வெட்டவெளியில் நின்றது. அவள் இறங்கிப் பின்னால் ஓடினாள். ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்ல வேண்டும், இந்த இடமும் ஆகாது, லொறியைப் பார்த்துப் படையும் வரும், கலைந்து போங்கள் என்று கையைப் பிடித்தாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவள் வருவதற்குள் அவர்கள் மூட்டைகளை இறக்கிவிட்டிருந்தார்கள். கனகாம்பிகை மகளை ஒரு மூட்டையின்மேல் இருத்திவிட்டு, அடுப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.